பொட்டு வைத்த சர்வர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் தேயிலை ஃபெக்டரி ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் வரவில்லை. அங்கே கம்ப்யூட்டர் கிளாக்கர் நான்தான். மற்ற நாளென்றால் சர்வர் பார்க்கிற ஆள் கொழும்பிலிருந்து வரட்டும் என்று பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு அது முடியாது. தங்கச்சியின் நர்சிங் படிப்பு விண்ணப்பத்தை இன்டர்நெட்டில் அனுப்ப அதுதான் கடைசி நாள். பின்னேரம் நாலு மணிக்கு மூடிவிடுவார்கள்.

அவள் சர்ட்டிபிக்கட் பையோடு என் மேசைப் பக்கத்தில் நின்றாள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி வாங்குவதற்குள் இத்தனை நாள் இழுபட்டுவிட்டது. டவுனுக்குப் போய் அனுப்பலாமென்றால் நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. எங்கள் பள்ளத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது.

அம்மா வேறு கறாராகச் சொல்லியிருந்தார். "இந்த வருசம் அனுப்பலன்னா திங்கக்கிழம கார்மெண்ட்ஸ் வேலைக்கு வேன்ல ஏறிரு. இன்னொரு வருசம் வீட்ல வச்சிருக்க என்னால ஏலாது." அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறவர். சொன்னால் சொன்னதுதான்.

வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வயர் முதலில் சர்வருக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு வயர் வழியாகத்தான் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு வரும். வேறு வழியில் போக முடியாதபடி கொழும்புக்காரர் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தார். பாஸ்வேர்டும் சர்வர் அறையின் ஒரு சாவியும் மட்டும் என்னிடம் இருந்தன, இன்னொரு சாவி பெரிய கிளாக்கரிடம்.

"கை வைக்காதம்மா," என்றார் பெரிய கிளாக்கர். "ஏதாச்சும் ஆயிட்டா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க." குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

நாம் தட்டுகிற பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரை சொன்னதால் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அந்தச் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். தேங்கிக் கிடந்த பழைய பதில்களை அழித்தேன். பெயரை எங்கே கேட்க வேண்டும் என்ற முகவரியை மாற்றினேன். ஊஹூம். கடைசியில் பெயரே வேண்டாமென்று வெறும் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. அப்படியென்றால் டிஎன்எஸ் மேல் பழியில்லை, பாதையே அடைபட்டிருக்கிறது. ஆனால் திரையில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது, இரண்டு வயரிலும் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

"விடுக்கா. நான் கார்மெண்ட்ஸுக்கே போறேன்," என்றாள் தங்கச்சி.

"வாய மூடிட்டு உக்காரு."

சர்வரின் பின்பக்கம் போய், வெளியிலிருந்து வரும் வயரை உருவினேன். திரையில் 'வெளி' என்ற இணைப்பில் சிவப்புக் குறி விழ வேண்டும். விழுந்ததோ 'உள்' என்பதில். வயர் இரண்டும் இடம் மாறிச் செருகியிருந்தன. எட்டிப் பார்த்தால், பின்தகட்டில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பெரிய பொட்டு.

வருசா வருசம் ஃபெக்டரி மிஷின்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பவர் எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லா மிஷினுக்கும் வச்சிட்டு இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்மா? கிளாக்கரய்யாகிட்டச் சாவி வாங்கி, வயரக் கழட்டித் தொடச்சு மாட்டினேன். பின்னால ஏதோ பேனாக் கிறுக்கல் வேற. தேய்ச்சு எடுத்துட்டேன்."

அந்தக் கிறுக்கல் எந்த வயர் எங்கே என்று நான் எழுதி வைத்தது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். அந்த வெள்ளந்தி முகத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. பெரிய கிளாக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயர்களை மாற்றிச் செருகினேன். விண்ணப்பப் பக்கம் திறந்தது.

தங்கச்சி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தபோது, மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்து அம்மா வாசலில் வந்து நின்றார். மலையில் வேலை செய்கிறவர்கள் ஆபீஸுக்குள் வருவதில்லை, வாசலோடு சரி.

"போயிருச்சாடி?"

"போயிருச்சும்மா," என்றேன்.

அம்மா செருப்பைக் கழற்றினார். நேராக உள்ளே வந்தார். "ஐயா, ஒரு போன் பேசிக்கிறலாங்களா?"

பெரிய கிளாக்கர் மேசையிலிருந்த லேண்ட்லைன் போனை அவர் பக்கம் தள்ளினார். தங்கச்சி வேன்காரரின் நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"தம்பி, திங்கக்கிழம எங்க லயத்து வீட்டுக்கிட்ட வேன நிறுத்தாதீங்க. புள்ள வரமாட்டா." அந்தப் பக்கம் ஏனென்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அம்மா குரலை உயர்த்தி, ஆபீஸே கேட்கும்படி சொன்னார். "அவ நர்சு."

போனது விண்ணப்பம் மட்டும்தான். நான் திருத்தவில்லை.