பலெர்மோவில் செத்த ஆங்கிலேயப் பிரபு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கினேன். நகரம் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸுக்கு ஏறக்குறைய ஏழு யூரோ. ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல். நான் தேடி வந்தது ஒரு கல்லறையை.

இங்கிலாந்தில் என் வீட்டிலிருந்து நான்கு மைல் தொலைவில் ஓர் இடிந்த கோட்டை உண்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த பிரபு, தன் மகனைப் பிணையாகக் கேட்ட அரசனை எதிர்த்துக் கலகம் செய்தான். தோற்றதும் கப்பலேறித் தப்பினான். பெண்ணையும் பிள்ளையையும் அரசன் தொடமாட்டான் என்று நம்பி மனைவியையும் மகனையும் விட்டுப் போனான். அரசன் இருவரையும் நிலவறையில் அடைத்துப் பட்டினியால் சாகவிட்டான். பிரபு பலெர்மோவில் செத்து, அங்கே ஒரு தேவாலயத்தில் அடக்கமானான் என்று எங்கள் ஊர்க்காரர் சொல்வார்கள்.

பதினொன்றரைக்கு ரயில் நிலையத்தருகே அன்ரன் அத்தான் காத்திருந்தார். என் அக்கா மேரியின் கணவர். முப்பது வருடங்களுக்கு மேலாக நான் அவருடன் பேசியதில்லை; வரும் நேரத்தையும் உறவினர் ஒருவர் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினேன். போர்க்காலத்தில் மன்னாரில் இராணுவத்தினர் அவரைத் தேடினார்கள், அவர் படகேறினார். மறுவாரம் சீருடையில் வந்தவர்கள் அக்காவையும் நான்கு வயதுப் பீற்றரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. பிரபுவின் கதையை அத்தானின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்றும்தான் நான் வந்தேன். அதை மறைப்பதற்கில்லை.

அவருடைய அறை ஒரேத்தோ தெருவில். சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஓர் இத்தாலிய மூதாட்டியைப் பராமரிக்கும் வேலை. அன்று அரைநாள் லீவு எடுத்திருந்தார்.

மூன்று மணிக்கு, போர்கோ வெக்கியோ சந்தையைக் கடந்து அந்தத் தேவாலயத்துக்குப் போனோம். அதைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சீமெந்துத் தரையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"உலக யுத்தத்திலை குண்டு விழுந்து இந்தப் பக்கம் இடிஞ்சு போச்சாம். எலும்புகளை அள்ளி ஒரே குழியிலை போட்டவையாம். ஆற்றை எலும்பு எது எண்டு தெரியாதாம்," என்றார் அத்தான். "ஆரைத் தம்பி தேடுறாய்?"

அங்கேயே மர வாங்கில் அமர்ந்தபடி முழுக்கதையையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

"அவன் திரும்பிப் போகேல்லையோ?"

"ஓடினவன் ஏன் திரும்பிப் போறான், அத்தான்?"

அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு நான் படகிலை ஏறமாட்டன் எண்டு கரையிலை இருந்தனான். 'பொம்பிளையளையும் சின்னப் பிள்ளையளையும் தொடமாட்டாங்கள், நீங்கள் போங்கோ' எண்டு என்னைத் தள்ளி ஏத்தினது ஆர்?"

நான்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்களை அவர் சொன்னதாகவே இத்தனை காலமும் மனதில் வைத்திருந்தேன்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லி? அக்காவைப் பறிகுடுத்திட்டு நிண்டனி. கோவிக்க உனக்கும் ஒரு ஆள் வேணுமே."

ஞாயிறு காலை ஒன்பது மணிப் பூசைக்கு அதே தேவாலயத்துக்குப் போனோம். இறந்தவர்களுக்காக மன்றாடப் பெயர் எழுதிக் கொடுக்கும் தாள் வாசலில் இருந்தது. அத்தான் ஒருமுறையும் எழுதியதில்லை.

"எழுதினால், செத்திட்டினம் எண்டு நாங்களே சொல்லுற மாதிரிப் போயிடும்," என்றார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார். "சரி, எழுது. எனக்குக் கை வராது."

மேரி, பீற்றர் என்று இரண்டு பெயரையும் நான் எழுதினேன். மரியா, பியேத்ரோ என்று தங்கள் வழக்கப்படி வாசித்தார் குருவானவர். அத்தான் தலை நிமிரவேயில்லை.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"ஏறு, பஸ் போயிடும்," என்றார். சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டதென்று, நான் இருக்கையில் அமருமுன்பே நடக்கத் தொடங்கிவிட்டார். அக்காவிடமும் பீற்றரிடமும் மன்னிப்புக் கேட்க, போய் நிற்பதற்கு எனக்கு ஓர் இடமில்லை.