போட்டோவில் இருந்த மாப்பிள்ளை

எங்கள் சின்னத்தாவின் முகத்தில் எண்ணெய் வழியாத நாளை நான் பார்த்ததில்லை. அவர் என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் அண்ணனும் தம்பியுமாக ஒரு பிரியாணிக் கடை நடத்தினார்கள். கல்லாவில் அத்தா, அடுப்பில் சின்னத்தா. மூக்கிலும் கன்னத்திலும் அவருக்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், கல்லில் ஊற்றிய ஆப்பத்தில் விழுவது போல. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அறுபதுக்கு மேல் எண்ண விடமாட்டார்.

கல்யாணப் பேச்சு வரும்வரை அந்த முகத்தைப் பற்றி அவரே கேலி பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்தார். ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷர். கேட்காமலேயே கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் உழைத்து, அவித்து உரித்த முட்டையைப் போல ஒரு முகத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு, ஒங்க கூட்டாளியா?" என்று கேட்டார்கள். அதற்குள் இன்னொரு பிரதியைத் தரகர் நத்தத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பெண் வீட்டில் பிடித்துப்போய், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணின் போட்டோவும் வந்தது. அதில் அவர்கள் பால் போல் இருந்தார்கள்.

சின்னத்தாவுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. வருகிறவர்கள் போட்டோவில் இருந்தவன் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது?

கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. எனக்குக் கன்னத்தில் தேமல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சின்னத்தா என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தேமல் இல்லை. ஆனால் ஜிகர்தண்டா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால், இருப்பதாகவே வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து என் கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க" என்றார்கள்.

சின்னத்தா சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த மாதிரி ஆக்கிவிட்டாப் போதும்மா."

"யாரு இது?"

"நான்தாம்மா."

டாக்டரம்மா போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இது கம்ப்யூட்டர் பாத்த வைத்தியம். நான் வெறும் டாக்டர்தான்."

தோலில் இருக்கும் துவாரங்கள் மூடித் திறக்கிற கதவுகள் இல்லை, அவற்றை இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது என்று பொறுமையாகச் சொன்னார்கள். எண்ணெய் வழிவதைக் குறைக்கலாம், குறைந்தால் துவாரமும் சின்னதாகத் தெரியும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். சின்னத்தா எதையும் காதில் வாங்கவில்லை. "மூணு வாரந்தாம்மா இருக்கு" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில், லேசாக ஒரு பீல் செய்யலாம், மேல்தோல் கொஞ்சம் உரிந்து முகம் தெளியும், அவ்வளவுதான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

முகம் முழுக்க ஏதோ அமிலத்தைத் தடவினார்கள். சின்னத்தா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எறும்பு ஊருது, எறும்பு ஊருது" என்றார். ஒரு நர்ஸ் சின்ன மின்விசிறியால் காற்று வீசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி விசிறிவிட்டதில்லை.

ஒரு வாரம் வெயிலில் போகக்கூடாது, அடுப்புப் பக்கம் நிற்கக்கூடாது, தோலைப் பிய்க்கக்கூடாது. இவைதான் நிபந்தனைகள். சின்னத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டில் அலர்ஜி என்று சொல்லிவைத்தார். அத்தா அடுப்பில் நின்றார்கள். முதல் நாள் பிரியாணி கஞ்சியானது. மறுநாள் அடி பிடித்தது. மூன்றாம் நாள், தினமும் மத்தியானம் வருகிற லாரி டிரைவர் ஒருவர் இலையைப் பாதியில் மடித்துவிட்டு, "தம்பிக்கு ஒடம்பு சரியாகட்டும், வாரேன்" என்று எழுந்து போனார். அது சின்னத்தாவின் காதுக்கு எட்டியது. நான்காம் நாள் காலையில் ஈரத் துண்டைக் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தில் சுற்றிக்கொண்டு அடுப்பில் போய் நின்றுவிட்டார். மத்தியானம் துண்டை எடுத்தபோது முகம் சிவந்து, மூக்கிலும் தாடையிலும் தோல் வெங்காயச் சருகாகத் தொங்கியது.

அன்றைக்குத்தான் அவர்கள் வந்தார்கள்.

அத்தா கறிக்கடைக்குப் போயிருந்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கான உள் அறையில் ஒரு மேசையில் நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பெரியவரும் ஒரு அக்காவும் வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் சீக்கிரமே சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, போன் பேச வாசலுக்குப் போனார். அந்த அக்கா மாநிறம். நெற்றியில் இரண்டு பரு. பவுடர் மட்டும் கொஞ்சம் அதிகம். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கடைக்காரங்க வீட்டுப் பிள்ளையா?"

"ஆமா. அத்தா கடை. சின்னத்தாதான் சமையல்."

"ஒங்க சின்னத்தாவுக்குக் கல்யாணமாமே? பொண்ணு எப்புடி இருக்காக?"

"போட்டோவுல பாத்தேன். அம்புட்டு வெள்ளை" என்றேன்.

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவர்களுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார்கள். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் மிச்சத்தையும் சொன்னேன். முட்டை மாதிரி போட்டோ, எனக்கு இல்லாத தேமல், எறும்பு ஊர்ந்தது, தோல் உரிந்தது, ஞாயிற்றுக்கிழமையை நினைத்துச் சின்னத்தா சாப்பிடாமல் கிடப்பது. பாதிக் கதையிலேயே அவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

நான் முடித்ததும் எழுந்து குழாயடிக்குப் போனார்கள். சோப்புப் போட்டு முகத்தை இரண்டு தரம் கழுவி, முக்காட்டின் நுனியால் துடைத்துக்கொண்டு வந்தார்கள். பிரியாணி காரமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப ஒங்க சின்னத்தாவக் கூப்புடு."

சின்னத்தா கரண்டியோடு வந்து நின்றார். கடையைப் பற்றி ஏதோ குறை என்று நினைத்துவிட்டார் போல. துண்டால் மூக்கை மறைத்துக்கொண்டு, "என்னம்மா வேணும்?" என்றார்.

"நத்தத்துலருந்து வாரோம்" என்றார்கள். "ஒங்க வீட்டுக்கு வந்திருக்க போட்டோவுல இருக்கது நான்தான். அம்புட்டு வெள்ளையெல்லாம் கெடையாது. நீங்க ஞாயித்துக்கெழம பாத்து ஏமாந்துரக் கூடாதுல்ல. எங்க அத்தாவுக்குக்கூட இது ஒங்க கடைன்னு தெரியாது, பசிக்குதுன்னு சொல்லித்தான் இங்க கூட்டியாந்தேன்."

சின்னத்தா கையிலிருந்த துண்டு மெதுவாக இறங்கியது. உரிந்த மூக்கு, சிவந்த கன்னம், குழிகள், எல்லாம் வெளியே வந்தன. அவர்கள் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை வீட்டில் வழக்கு தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முறைப்படி வந்தார்கள். அதற்குள் தோல் ஆறி முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது போல இரண்டு பேரும் தலையைக் குனிந்து நடித்தார்கள். நான் எதையும் உளறிவிடாமல் இருக்க, என் வாயில் அம்மா ஒரு லட்டைத் திணித்திருந்தார்கள். நிக்காஹ் முடிந்த பிறகு சின்னத்தா டாக்டரம்மாவிடம் ஒழுங்காகப் போனார். இரவில் ஒரு களிம்பு, வெளியே கிளம்பும்போது வெயிலுக்கு ஒரு கிரீம், அடுப்பில் நின்ற பிறகு முகம் கழுவல். எண்ணெய் பாதியாகக் குறைந்தது. குழிகள் கொஞ்சம் சின்னதாகி, அங்கேயே இருந்துகொண்டன. வெயில் கிரீமில் பாதியைச் சின்னம்மா தீர்த்துவிடுவார்கள்.

ஆனால் அன்று கடையில் நடந்ததில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. இருவரும் சிரித்து முடிப்பதற்குள் வாசலில் பெரியவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சின்னத்தா அவசரமாக, "சாப்பாடு எப்புடி இருந்துச்சு?" என்றார்.

அவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். "உப்புக் கம்மி."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.  தன் பிரியாணியில் உப்புக் கம்மி என்று சொன்ன ஒரு போலீஸ்காரரையே, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அனுப்பியவர் சின்னத்தா. ஆனால் அன்றைக்கு நேராக உள்ளே போய் பிரியாணி தேக்சாவிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டார். "ஆமா பாப்பா, கம்மிதான்" என்றார் என்னிடம். பிறகு சாயங்காலம் வரை, தோல் இழுத்து வலிக்க வலிக்க, சிரித்துக்கொண்டே இருந்தார். குறை சொன்னதற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். என் தலையில் லேசாகக் குட்டிவிட்டு, ஜிகர்தண்டா குடிக்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனார்.