அண்ணியின் பென்டிரைவ்

காது மெஷின் பொருத்துவது அவள் வேலை. நான்கு கிளினிக்குகளுக்கு முறை வைத்துப் போவாள். வருகிறவர்களின் கேட்கும் திறனைச் சோதித்து, அவரவர் காதுக்கு ஏற்ப மெஷினைக் கம்ப்யூட்டர் வழியாகச் சரிசெய்து கொடுப்பாள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டி பஸ் ஏறி இறங்கியே காலம் ஓட்டியவளுக்கு, ஒரு மழைக்காலத்தில் தோள்பட்டை இறுகிப்போனது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. "இனிமே பையைத் தூக்கினீங்கன்னா எங்கிட்ட வராதீங்க," என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளினிக்குகளில் கம்ப்யூட்டர் இருந்தது. அவளுக்கு வேண்டிய புரோகிராம்கள்தான் இல்லை. கொழுந்தனிடம் சொன்னாள். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன் அவன். எதையும் பெரிதாகச் செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"அண்ணி, உங்க லேப்டாப்பையே சுருட்டி பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. எதுல செருகினாலும் அதுக்குள்ள உங்க கம்ப்யூட்டர் எழுந்து உக்காரும்."

"பேய் புடிக்கிற மாதிரியா?" என்றான் கணவன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

முதல் கிளினிக்கில் பென்டிரைவைச் செருகியதும் திரையில் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டது. அது தெரிந்த ஆள் வேலையை விட்டே போயிருந்தான். அடுத்த கிளினிக்கில் பாஸ்வேர்டு கிடைத்தது. ஆனால் கம்ப்யூட்டர் கிழடு. தன்னைச் சுமக்கவே திணறிய அது, இன்னொன்றையும் சுமக்க நேர்ந்ததில் மூச்சு வாங்கியது. அது எழுந்து உட்காருவதற்குள் காத்திருந்த பெரியவர் நாற்காலியிலேயே குறட்டை விடத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் பென்டிரைவை மேஜைமேல் வைத்தாள். "முழுக் கம்ப்யூட்டர் எனக்கு எதுக்குப்பா? நான் தொடுறதே மூணு புரோகிராம்தான்."

கொழுந்தனுக்கு முகம் தொங்கிப்போனது. "அதுல எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா அண்ணி?"

"தெரியும்ப்பா. உக்காந்து பாத்தேனே, அவ்வளவு நேரம்."

முறுக்கிக்கொண்டாலும் வேலையை அவன் விடவில்லை. இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து நேராக ஓடும் போர்ட்டபிள் வடிவங்களைத் தேடிப் போட்டான். பாஸ்வேர்டு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். நோயாளிகளின் விவரமும் பென்டிரைவிலேயே இருக்கும். அவள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீசின கையும் வெறும் கையுமாகப் போய்வந்தாள்.

எல்லாம் சுமுகமாக ஓடியது, தையல்காரர் வரும்வரை. நடுத்தர வயது, சின்ன வயதிலிருந்தே காது மந்தம். அவருடைய மெஷின் மாடலைக் கம்பெனி எப்போதோ கைவிட்டிருந்தது. அதற்கான புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். போர்ட்டபிள் வடிவம் கிடையாது.

"புதுசு ஒண்ணு போட்டுப் பாக்கலாமே சார்?"

"போட்டுப் பாத்தேம்மா. கத்திரி வைக்கிறப்ப தகரத்தை வெட்டுற மாதிரி கேக்குது. இதுலதான் துணி, துணி மாதிரியே கேக்குது. கொஞ்ச நாளா சத்தம் பத்தல. அதை மட்டும் ஏத்திக் குடுங்க."

அன்று சாயங்காலம் கொழுந்தன் அறை வாசலில் போய் நின்றாள். "உன்னோட அந்தப் பெரிய சமாச்சாரம் இருக்கா, அழிச்சிட்டியா?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பழைய விண்டோஸ் போட்டே ஒண்ணு பண்ணித் தர்றேன். பென்டிரைவ் வேண்டாம், வேகமான டிஸ்க் ஒண்ணு தர்றேன். ஆனா எல்லா எடத்துலயும் ஓடாது அண்ணி. அதை ஒத்துக்கிறேன்."

நான்கில் ஒரு கிளினிக்கில் மட்டும் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. தையல்காரரை அங்கே வரச் சொன்னாள். அந்தக் கிளினிக் டாக்டரே பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். காது மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டியை, டிஸ்க்கிலிருந்து உள்ளே ஓடும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் சொன்ன இடத்தில் டிக் செய்ததும் கண்டுகொண்டது. தையல்காரரின் மெஷினில் சத்தத்தைப் படிப்படியாக ஏற்றினாள்.

"இப்ப எப்படி சார்?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "வெளியில காத்திருக்கிற பொண்ணு, 'இந்த ஆளு எப்பதான் கிளம்புவாரோ'ன்னு சொல்லுது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த டிஸ்க்கை அங்கேயே டாக்டரின் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, பழைய மெஷின்காரர்கள் தன் முறை வரும் செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வரட்டும் என்று மற்ற மூன்று கிளினிக்குகளுக்கும் போன் செய்தாள்.