மாமா செத்துப்போன படம்

எங்கள் மாமா செத்ததை எஸ்டேட்டே கூடி உட்கார்ந்து பார்த்தது. சினிமாவில்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த குழப்பம் லேசுப்பட்டதல்ல.

மாமா என் அம்மாவின் தம்பி. சுங்கை பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரியில் வேலை. செமிலிங் பக்கத்திலிருந்த எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குப் படமெடுக்க ஒரு கூட்டம் வந்தது. ரசாயனக் கழிவைக் குடித்து ஒரு பூதம் கிளம்புகிறதாம், விஞ்ஞானிகள் அதை ஒழிக்கிறார்களாம். மலாய்ப் படம். கையில் காசில்லாத கம்பெனி என்பது பார்த்தாலே தெரிந்தது. பூதத்துக்குத் தோல் தைக்க ஃபேக்டரியில் கழித்துப்போட்ட கையுறைகளை மாமாதான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நன்றிக்கு அவருக்கும் ஒரு வேஷம் கிடைத்தது.

"அக்கா, படம் முழுக்க நான் இருக்கேன். பாத்துக்கிட்டே இரு லா" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பியின் முகம் திரையில் தெரியப்போகிறது என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். முனியாண்டிக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

படம் தயாரானதும், சொன்னபடியே எங்களுக்குப் போட்டுக்காட்ட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எஸ்டேட் மண்டபத்து ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மாமா கூச்சத்தில் கதவோரமாக நின்றுகொண்டார்.

முதல் காட்சியிலேயே வந்துவிட்டார்! தலையில் துண்டு, கையில் அரிவாள். அம்மா சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளினாள். வலி ஆறுவதற்குள் ரப்பர் கை ஒன்று நீண்டது, மாமா "ஐயோ" என்றார், செத்துப்போனார். வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானிகள் வந்தார்கள். அவர்களில் நம் ஆள் ஒருவரும் இல்லை. செத்தவன் பேரென்ன என்றுகூடக் கேட்காமல் மாமாவைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "விடு தங்கச்சி, செத்துப் பொழச்சவனுக்கு ஆயுசு கெட்டி லா" என்று பின்னாலிருந்து ஒருவர் ஆறுதல் சொன்னது அவளை இன்னும் கடுப்பேற்றியது.

அப்புறம்தான் பூதம் முழுசாக வந்தது. குனிந்து, இடது காலைத் தட்டி, தோளைக் குலுக்கி, ஒரு சுற்றுச் சுற்றியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கும்போது மாமா ஆடுகிற அதே ஆட்டம்!

எனக்கு மட்டுமா தெரியும்? உறுமி அடிக்கிற அண்ணன்கள் நாற்காலியில் தாளம் போட ஆரம்பித்தார்கள். அங்கே பூதம் விஞ்ஞானிகளை ஓட ஓட விரட்ட, இங்கே "வேல் வேல்" என்று ஒரே சத்தம். அம்மா பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பூதம் குண்டடிபட்டு விழுந்தபோது மண்டபமே உச்சுக்கொட்டியது. டைரக்டர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பாவம், அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நீங்கதானே மொதல்ல செத்தீங்க? அப்புறம் நீங்களே எப்படி வந்து எல்லாரையும் தொரத்துனீங்க?"

மாமா குனிந்து சொன்னார்:

"மூஞ்சியோட வந்தா அவ்வளவுதான் குடுத்தாங்க, பாப்பா. மூடிக்கிட்டா, படம் முழுக்கக் குடுத்தாங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பி அவ்வளவு நேரம் நடித்த பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"அப்ப அடுத்த படத்துலயும் மூடிக்கிட்டே வாங்க மாமா" என்றேன்.

மாமா என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நல்லதுதானே சொன்னோம், இவருக்கு ஏன் கோபம் என்று எனக்குப் புரியவே இல்லை.