பழைய பள்ளியின் வாசற்படிக் கல்

எனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லியும் ஆயிற்று. அதோடு விட்டாளா என் அம்மா? சாயங்காலம் போர்வையோடு என்னைக் கிளப்பி, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் திணித்து, பொங்கலூரிலிருந்து அருள்புரம் பள்ளிவாசலுக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்தால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து அம்மாக்களின் நம்பிக்கை. எனக்கு அப்போது ஒன்பது வயது. குழந்தையாம்!

பள்ளிவாசலைப் பார்த்ததும் அம்மா திகைத்து நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஓடு வேய்ந்த சின்னப் பள்ளி. அது ஒரு மழையில் இடிந்து போக, அதே இடத்தில் கண்ணாடிக் கதவும் கிரானைட் படியுமாக மூன்று மாடி எழும்பியிருந்தது. பழைய பள்ளியின் நினைவாக அதன் வாசற்படிக் கல்லை மட்டும் பக்கவாட்டுச் சுவரோரம் பதித்து, மேலே எழுதியும் வைத்திருந்தார்கள்.

மற்றப் பெண்கள் எல்லாம் கண்ணாடிக் கதவருகே பாட்டிலோடு நின்றார்கள். நாங்கள்? அந்தக் கல்லருகே. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில், கொசுக்கடியில்.

"அம்மா, எல்லாரும் அந்தப் பக்கந்தான் வருவாங்க."

"இங்கதான் நிக்கோணும். பேசாம நில்லு கண்ணு."

தொழுகை முடிந்தது. வெளியே வந்தவர்கள் அங்கே நின்ற பாட்டில்களில் எல்லாம் ஊதிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பஸ்ஸும் கண் முன்னாலேயே போயிற்று. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசியில், பாங்கு சொல்கிற மோதினார் விளக்கை அணைக்க வந்தவர் எங்களைப் பார்த்தார். "ஏம்மா, முன்பக்கம் வந்திருக்கலாமே?"

"போன தடவை இந்தப் படியிலதானுங்க நின்னேன். தொழுகை முடியறதுக்குள்ள ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டனுங்க. இந்தத் தடவை வாங்காமப் போகமாட்டனுங்க."

அவர் அந்தக் கல்லருகே நின்று நிதானமாக ஓதி, பாட்டிலில் மூன்று முறை ஊதிக் கொடுத்தார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. போன தடவையா? நான் அங்கே வந்ததே அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாப்பில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பள்ளிவாசல்ல போயிப் பொய் சொல்றயே, நான் எப்பம்மா இங்க வந்தேன்?"

அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பையன் இருந்தான், காய்ச்சலில் போய்விட்டான் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.