கைமாறிய டம்ளர்

செகந்திராபாத்தின் மெட்டுகுடாவில் ரயில்வே குடியிருப்பின் மதிலுக்குப் பின்னால், சாக்கடைக் கால்வாயை ஒட்டிய தெருவில், ஆக்னஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். தெருக்கூட்டத்தில் எவர்சில்வர் டம்ளர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். பிறகு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தி, கடைசியில் குரல் பெருத்தவர் சொன்னதே முடிவாகிப்போவதைப் பார்த்து அலுத்துத்தான் அதைச் செய்தாள்.

குடிநீர் கேட்டு வாரிய அலுவலகம் போனாலும் ஆக்னஸ் பின்னால்தான் நிற்பாள். "குடம் தூக்குறவ நீ. நீயே சொல்லு" என்று யாரையாவது முன்னால் தள்ளிவிடுவாள். அப்படித்தான் எதிர்வீட்டு பிந்துவையும் தள்ளினாள். முதல் தடவை அதிகாரியின் மேசை முன் நின்று பிந்து அழுதேவிட்டாள். அழுதாலும் விலாசத்தைத் தப்பில்லாமல் சொன்னாளே என்று ஆட்டோவில் வரும்போது ஆக்னஸ் அவளைக் கேலி செய்தாள். போகப் போக, பிந்து வருகிறாள் என்றால் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

போன மழையில் கால்வாய் வீடுகளுக்குள் புகுந்தது. இருட்டில், இடுப்பளவுத் தண்ணீரில், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பிந்து விடியும்வரை நின்றாள். அதற்குப் பிறகுதான் கால்வாயை அகலப்படுத்தும் பேச்சு வந்தது. தெரு இருக்காது. பதிலுக்கு, ஊர்க்கோடியில் ராமச்சந்திராபுரம் தாண்டி, அடுக்குமாடியில் வீடு. தெரு மொத்தமும் ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும் என்றார்கள் அதிகாரிகள்.

ஆக்னஸுக்கு வேலை பக்கத்திலேயே, ஒரு பெண்கள் விடுதியில் காலைச் சமையல். அவ்வளவு தூரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாலும், அதற்குள் பெண்கள் தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள். புருஷன் ஆண்டனியைப் புதைத்த இடமும் இங்கே, நடக்கிற தூரத்தில். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கால்வாய்க்கு உயரமாகக் கரை கட்டினால் போதும், தெரு தப்பிவிடும் என்று மட்டும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

முடிவெடுக்கும் கூட்டத்தை நடத்துவது பிந்துவின் முறை. டம்ளர் ஆக்னஸிடம் வந்தது. அவள் நன்றாகப் பேசினாள். பக்கத்துவீட்டு அலமு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பேசினால் எல்லோரும் தன் பக்கம் வந்துவிடுவார்கள் என்று ஆக்னஸுக்குத் தெரிந்தது. டீ குடித்து முடிக்கிற நேரம் கடந்தும் பேசினாள்.

பிந்து எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அக்கா, டம்ளரைக் குடுங்க."

"இன்னும் ரெண்டே வார்த்தைடி."

"நக்கோக்கா, வேணாம். உங்க டைம் முடிஞ்சிச்சு."

"ஹவ், அதானே, ரூல் போட்டவங்களுக்கே ரூலா" என்றார் ஆட்டோ ஓட்டும் உமேஷ். யாரும் சிரிக்காததால் தலையைக் குனிந்துகொண்டார்.

பிந்து டம்ளரைப் பிடுங்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. "தண்ணியில நின்னவ நான்க்கா. நின்னவதான் பேசணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

கொடுக்க முடியாது என்று ஆக்னஸ் எழுந்து நடந்திருந்தால் பாதித் தெரு அவள் பின்னாலேயே போயிருக்கும். கூட்டம் அதோடு முடிந்திருக்கும். இனி ஒரு கூட்டமும் இருந்திருக்காது. அவள் பிந்துவின் நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிந்து சொன்னது கொஞ்சம்தான். போகலாம் என்று கைகள் உயர்ந்தன. அலமுவின் கையும்.

புது இடத்துக்குப் போன மறுவாரமே மோட்டார் நின்றுபோனது. மாடிப்படியில் கூடி எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிந்து உள்ளே போய் அதே டம்ளரோடு வந்தாள். சத்தம் அடங்கியது. மோட்டாரைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, வேறு குறை இருந்தால் சொல்லுங்கள் என்று டம்ளரைச் சுற்றுக்கு விட்டாள். அது படி படியாக இறங்கி, கடைசிப் படியில் இருந்த ஆக்னஸிடம் வந்தது.

அன்று காலைதான் விடுதியில் வேறு ஆளை வைத்துவிட்டதாக போன் வந்திருந்தது. விடியற்காலையில் பஸ் இல்லை என்று சொல்லலாம். எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டால் ஒரு பஸ் விடக்கூடும்.

"சொல்லுங்கக்கா" என்றாள் பிந்து மேலிருந்து.

ஆக்னஸ் வாயைத் திறந்தாள். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லை. நீயே சொல்லு என்று முதுகில் கை வைத்துத் தள்ள யாரும் இல்லை, அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று டம்ளரைப் பக்கத்தில் இருந்த அலமுவிடம் நீட்டினாள்.