கொழுந்தோடு காய்ந்த ஸ்டாம்புகள்

எங்கள் மலையில், இத்தலார் பக்கம் மழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, என் ஸ்டாம்புகள் மட்டும் காய்ந்துவிடுமா என்ன?

முன்பின் தெரியாதவர்களுக்குப் போஸ்ட் கார்டு அனுப்பும் பைத்தியம் எனக்குப் பிடித்துப் பல வருஷமாகிறது. இணையத்தில் ஒரு விலாசம் கிடைக்கும். என் தையல் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு நாலு வரி எழுதிப் போடுவேன். பதிலுக்கு வேறெங்கிருந்தோ ஒரு கார்டு வரும். சிலர் உறைக்குள் உதிரி ஸ்டாம்புகளும் வைத்து அனுப்புவார்கள். அவற்றை ஒரு ஆல்பத்தில் செருகி வைப்பேன். பனிக்கடல் ஓரத்தில் யாரோ ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம் எத்தனையோ கை மாறி, மலையேறி, எங்கள் தபால்காரரின் குடைக்கடியில் நனையாமல் வந்து சேர்கிறது. இன்றுவரை அது எனக்கு மலைப்புதான்.

ஈரம் அண்டாமலிருக்க பீரோவுக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் கரண்ட் இருந்தால்தானே? பக்கத்தில் குந்தா அணைத் தண்ணீரில் ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கிறார்கள். இங்கே ஒரு மரம் சாய்ந்தால் எங்களுக்கு நாள் கணக்கில் இருட்டு. அந்த மழையில் அப்படித்தான் ஆல்பத்தில் இருந்த ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டேன். காய வைக்க வழியில்லை. பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற எரிச்சலில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோர் என்றால் என் கணவர் ஒருவர்தான்.

அவர் டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு சூப்பர்வைசர். அங்கே ஜெனரேட்டர் உண்டு. நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றை விடுவார்கள். மறுநாள் காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்டாம்புகளை எடுத்துப்போய், காலித் தொட்டி ஒன்றில் பரப்பி, மெல்லிய காற்றை விட்டிருக்கிறார். இலையை வாட்டியே பழகின மனுஷருக்கு வேறென்ன தோன்றும்?

மத்தியானம் ஃபோன் வந்தது. "கொஞ்சம் ஃபேக்டரிக்கு வா. கோவிச்சுக்காதே."

போய்ப் பார்த்தேன். லாரியில் புதுக் கொழுந்து வந்திருக்கிறது. விஷயம் தெரியாத யாரோ ஃபேனை முழு வேகத்தில் திருப்ப, ஸ்டாம்புகள் மொத்தமும் பறந்து பக்கத்துத் தொட்டியில் விழுந்திருக்கின்றன. அங்கே பெண்கள் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் கலந்துபோயிற்று.

"ஏனுங்க, ஸ்டாம்பைக் கொழுந்துன்னு நெனச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டிருப்பேன். டீமேக்கர் வந்துவிட்டார். டீத்தூளுக்கு முழுப் பொறுப்பு அவர்தான்.

"ஒரு துண்டுக் காகிதம் இருந்தாலும் இந்த இலையை நான் கீழே ரோலர் மெஷினுக்கு எறக்க மாட்டேனுங்க. ரொம்ப நேரமும் வைக்க முடியாது, கருகிரும். கொட்ட வேண்டி வந்தா ஆபீசுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார் என் கணவரிடம். பதில் என்றால் வேலை போகலாம் என்று அர்த்தம்.

ஃபேனை நிறுத்தினார்கள். தொட்டியின் இரு பக்கமும் பெண்கள் நின்று இலையை அலசினார்கள். பச்சைக்குள்ளிருந்து ஜப்பான் கொக்கு வந்தது. பிரேசில் கிளி வந்தது. தான்சானியா யானை நாலு காலும் இலையில் புதைய எழுந்து வந்தது. ஒவ்வொன்றையும் முந்தானையில் விரல் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். என் பயத்தையும் மீறி எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தை இப்படி ஒரு தடவை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

வந்தவற்றை மேஜையில் பரப்பினேன். எனக்கு அவை முகங்கள் போல; கணக்கு வேண்டாம். நியூசிலாந்தின் பெரணி இலை மட்டும் இல்லை. பச்சை ஸ்டாம்பு, பச்சை இலைக்குள்.

"எல்லாம் வந்துருச்சுங்களா?" என்றார் டீமேக்கர். அது எனக்கு மட்டுமே தெரியும். வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் இலை இறங்கும், வேலை தப்பும். வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் என் கணவர் சொன்னார்: "இல்லீங்க. பெரணி இன்னும் வரலை."

திகைத்துப் போனேன்.

டீமேக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெண், "கண்ணுக்கு ஆப்படாது. கண்ணை மூடிட்டுத் தடவுங்க" என்றாள். அத்தனை பேரும் கண்களை மூடிக்கொண்டார்கள். டீமேக்கரும் கையை விட்டார். தகரக் கூரைமேல் மழை மட்டும் கேட்டது. வாடிய கொழுந்து பட்டுத்துணி போல விரலிடுக்கில் நழுவியது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"இந்தாங்க" என்று ஒரு குரல். கண்ணை மூடச் சொன்ன அதே பெண். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது நம்ம ஊட்டோரம் மொளைக்கிற பெரணிதானுங்களே. இதையா படம் போட்டிருக்காங்க?" கடல் தாண்டி ஒரு நாட்டார் பெருமையாக அச்சடித்த இலை எங்கள் சாக்கடையோரம் முளைத்துக் கிடக்கிறது. அது அதுவரை எனக்கே உறைக்கவில்லை. ஸ்டாம்பு கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.

டீமேக்கர் தலையசைத்தார். இலை இறங்கத் தொடங்கியது.

கணவரிடம் போய், "பெரணி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"லீவு நாள்ல நீ கடைக்குப் போனப்புறம் எனக்கு என்ன வேலை?" என்றார் இலையைத் தள்ளிக்கொண்டே. "அந்த ஆல்பத்தைத்தான் பார்த்துட்டு இருப்பேன்."